ஏழாவது குழாய்

லியோன், பிரான்ஸ்
14 ஜனவரி 2023

அன்புள்ள அண்ணிக்கு,

கலா எழுதுகிறேன். குளிர் எலும்பு வரை இறங்கினாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணன், நீங்கள், துர்கா, அபி நால்வரும் சுகமா? அண்ணனுக்கு அக்டோபரில் நெஞ்சு அடைத்து இரண்டு ஸ்டென்ட் வைத்த விஷயம் மூலக்குளத்துப் பங்காளி கன்னியப்பன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அம்மா சாவுக்கு நான் வராததிலிருந்து, ஆறு வருடமாக, அண்ணன் தன் ஃபோனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார். உங்கள் ஃபோனும் அவர் கையில்தான் இருக்கும். அதனால் உங்கள் அங்கன்வாடி முகவரிக்கு எழுதுகிறேன்.

அப்பா நாற்பத்து நாலு வயதில் வலை இழுக்கும்போதே போனார். சித்தப்பாவுக்கு முப்பத்தொன்பது. அண்ணனுக்கு இப்போது நாற்பத்து மூன்று. சாராயம் என்றார்கள், கருவாடு என்றார்கள். இரண்டும் இல்லை. ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்ள ஈரலில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. நம் வீட்டில் பலருக்கு அதில் பாதிக் கதவு பிறவியிலேயே கிடையாது. இழுக்க ஆளில்லாத கொழுப்பு ரத்தக் குழாயில் படிகிறது. அண்ணனின் குதிகாலுக்கு மேலே மஞ்சளாகத் தடித்திருக்கிறதே, அது செருப்புக் கடித்த தழும்பு இல்லை, கொழுப்பு.

நான் இங்கே பன்னிரண்டு வருடமாகச் செய்வது இந்த ஆராய்ச்சிதான். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிக்குப் பாதி இறங்கும். எனக்கு இறங்கவில்லை. நம் குடும்பத்தில் ஒன்பது பேர் ரத்தம் வேண்டும். துர்காவும் அபியும் கட்டாயம். நீங்கள் வெளியிலிருந்து வந்தவர், உங்கள் ரத்தம் எனக்குத் தேவைப்படாது.

அண்ணனிடம் நீங்கள் பேசினால்தான் நடக்கும். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சந்திரகலா

*

பிள்ளைச்சாவடி
9 பிப்ரவரி 2023

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் இருக்கிறோம். அவர் படகில் போகிறார், ஆனால் வலை இழுப்பதில்லை, எஞ்சின் பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். வேளைக்கு நாலு மாத்திரை, நான்தான் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். அப்புறம் சொன்னார், "அவகூட பேச்சு வார்த்த கெடயாது. ரத்தம் கேக்கறாளா, எடுத்துக்கட்டும். அப்பா ரத்தம்தான, அவளுக்கும் பங்கு இருக்குது."

கலா, ஒரு விஷயம். துர்காவுக்கு நோணாங்குப்பத்தில் ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் வெற்றிச்செல்வன். சொந்தமாகப் படகு எஞ்சின் ரிப்பேர் கடை. நல்ல பிள்ளை. அவன் அம்மா செல்வாம்பாள் பெண் பார்க்க வந்தபோது காபியைக் குடித்துக்கொண்டே கேட்டாள், "உங்க வூட்ல எல்லாரும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டே போறாங்களாமே? பிரான்ஸ்காரங்க டெஸ்ட் எடுக்கப் போறாங்கன்னு கன்னியப்பன் சொன்னாரு. அந்த ரிப்போர்ட்டு வரட்டும், தட்டு மாத்திக்கலாம்."

துர்காவுக்கு அது இருந்தால், எழுத்தில் போடாமல் எனக்கு மட்டும் சொல்ல முடியுமா? பெண்ணைப் பெற்றவள் கேட்கிறேன்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி சுலோசனா

*

லியோன்
3 மார்ச் 2023

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். அண்ணன் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்திருப்பதை.

நீங்கள் கேட்டதைச் செய்ய முடியாது. துர்காவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் முடிவு அவள் பெயருக்கு, உள்ளது உள்ளபடி வரும். இருந்தால் மருந்து இருக்கிறது, மூடி மறைக்க இது களவு இல்லை.

ஒரு பெண்ணின் விஷயத்தை அவளுக்குத் தெரியாமல் முடித்துவிடுவது உங்களுக்குப் புதிதும் இல்லை. காலேஜ் இரண்டாம் வருஷம் என் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தீர்கள். இரண்டு மாதம் பின் அறையில் பூட்டிக் கிடந்தேன். எழுதியவன் ஊரைவிட்டே போனான். நான் இதைச் சொல்லிக்காட்ட நினைக்கவில்லை, பேனா தானாகப் போகிறது.

பரிசோதனைக் கூடத்திலிருந்து சிலம்பரசன் என்பவர் வருவார். குழாய்களில் எண்ணும் பெயரும் ஒட்டியிருக்கும். அண்ணன் ஒன்று, அபி ஆறு, துர்கா ஏழு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

சந்திரகலா

*

பிள்ளைச்சாவடி
2 ஏப்ரல் 2023

அன்புள்ள கலாவுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ எழுதியதைப் படித்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேறென்ன சொல்வது.

ரத்தம் கொடுத்தாகிவிட்டது. அவரும் அபியும் மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்தில் கன்னியப்பன் வீட்டில் கொடுத்தார்கள். துர்கா அன்று காலேஜ் டூரில் இருந்தாள். அதனால் புதன்கிழமை சிலம்பரசன் நம் வீட்டுக்கே வந்து ஏழாவது குழாயில் எடுத்துக்கொண்டு போனார். உன் அண்ணன் கடலுக்குப் போயிருந்த நேரம். பிள்ளை கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

துர்காவின் ரிப்போர்ட் மட்டும் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. நோணாங்குப்பத்தில் அவசரப்படுகிறார்கள்.

சுலோசனா

*

லியோன்
20 ஜூலை 2023

அன்புள்ள அண்ணிக்கு,

வெயில் காலம், சுகமாக இருக்கிறேன். அங்கே இரண்டு நாள் மழை என்று செய்தியில் பார்த்தேன்.

முடிவுகள் வந்துவிட்டன. அண்ணனுக்கு நான் நினைத்த அதே பிழை. அபிக்கும் இருக்கிறது, அண்ணனைவிடக் கடுமையாக. கெட்ட கொழுப்பு முந்நூற்றுப் பத்து. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது நூறைத் தாண்டக்கூடாது. மாத்திரை மட்டும் போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் புது ஊசி ஒன்று இருக்கிறது. வெளியில் வாங்கினால் நம்மால் கட்டுப்படி ஆகாது, ஆய்வின் வழியாக என் பொறுப்பில் ஏற்பாடு செய்கிறேன். முதல் ஊசி அக்டோபரில்.

துர்கா என்று எழுதிய குழாயில் அந்தப் பிழை இல்லை. கெட்ட கொழுப்பு தொண்ணூற்று இரண்டு. ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணி, அந்தக் குழாயைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் சரி. காத்திருக்கிறேன்.

அபியைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

சந்திரகலா

*

பிள்ளைச்சாவடி
28 ஆகஸ்ட் 2023

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதமும் ரிப்போர்ட்டும் கிடைத்தன. அபியை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீ ஊசிக்கு ஏற்பாடு செய்கிறாய் என்றதும்தான் உயிர் வந்தது. இந்த உதவியைச் சாகும்வரை மறக்க மாட்டேன். நீ நன்றாயிருக்க வேண்டும்.

நோணாங்குப்பத்தில் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆவணியில் தட்டு மாற்றிவிட்டோம். தை மாதம் கல்யாணம். வெகுநாளுக்குப் பிறகு அவர் சிரிக்கிறார். "எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லயாம்" என்று கரையில் நிற்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். நீ வந்து நின்றால் பழைய கதையை நாலு பேர் கிளறுவார்கள். சம்பந்தி வீட்டார் காதில் அது விழ வேண்டாம். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சுலோசனா

*

லியோன்
11 செப்டம்பர் 2023

மதிப்பிற்குரிய அண்ணன் புருஷோத்தமன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சந்திரகலா எழுதுவது. வணக்கம். நெஞ்சுவலி இல்லாமல் இருக்கிறீர்களா? ஆறு வருடம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன். கிழித்துப்போடாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

கொடுத்த ரத்தமெல்லாம் ஒரே குடும்பத்துடையதா என்று சரிபார்ப்பதுதான் எங்கள் ஆய்வில் முதல் வேலை. அபியின் ரத்தம் உங்கள் ரத்தத்தோடு பொருந்துகிறது. துர்கா என்று எழுதி வந்த ஏழாவது குழாயில் இருப்பது உங்களுக்குப் பிறந்த பிள்ளையின் ரத்தம் இல்லை. இரண்டு முறை சோதித்தேன்.

இதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் பெண்ணைத் தாரை வார்க்கப் போகிற தகப்பனுக்குத் தெரிய வேண்டும் என்று என் மனதுக்குப் பட்டது. காரணத்தை அண்ணியிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கை சந்திரகலா

*

பிள்ளைச்சாவடி
16 நவம்பர் 2023

கலாவுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய்.

என்ன எழுதினாய் அவருக்கு? கடிதம் வந்த அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தேன். தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், "யாருது?" எனக்கு எதுவும் புரியவில்லை. "பெரியவ யாருதுன்னு கேக்கறேன்" என்றார். கடிதத்தை என் மேல் எறிந்தார். படித்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. வலைக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார். டீக்கடையில் சாப்பிடுகிறார். துர்கா கிட்டே போனால் எழுந்து போய்விடுகிறார். அவளுக்குக் காரணம் தெரியாது. மாப்பிள்ளை பிடிக்காமல் அப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கன்னியப்பனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கன்னியப்பன் வீட்டுக்காரி மூலம் இப்போது எல்லாப் பங்காளிக்கும் தெரியும்.

மாத்திரையை நிறுத்திவிட்டார். கொண்டுபோய்க் கொடுத்தால், "உன் கையால எதுவும் வேணாம்" என்கிறார். அபியிடம் கொடுத்தனுப்பினேன், அதையும் மணலில் போட்டார். ஒன்றரை மாதம் ஆகிறது. இது ஆபத்தா, இல்லையா? நீ படித்தவள். நீ ஒரு வரி எழுதினால் கேட்பார். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அபிக்கு முதல் ஊசி போட்டாயிற்று. நன்றாக இருக்கிறாள்.

சுலோசனா

*

பிள்ளைச்சாவடி
21 பிப்ரவரி 2024

கலாவுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கன்னியப்பன் ஃபோனில் சொல்லியிருப்பார். உன் அண்ணன் போய்விட்டார். நேற்று கருமாதி முடிந்தது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அவர் மண்டபத்துக்கு வரவில்லை. கன்னியப்பன்தான் பெரியப்பா முறையில் துர்காவைத் தாரை வார்த்தார். நெஞ்சு சரியில்லை, வீட்டில் படுத்திருக்கிறார் என்று சம்பந்திகளிடம் சொன்னோம். செவ்வாய்க்கிழமை பொண்ணு மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வர வேண்டும். காலை பத்து மணிக்கு, கரையேற்றிய படகில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். வெயிலில் தூங்குகிறார் என்று பக்கத்துப் படகுக்காரர்கள் விட்டுவிட்டார்கள். மறுவீட்டுக்கு மாலையோடு வந்த பொண்ணும் மாப்பிள்ளையும் அப்படியே சாவு எடுப்புக்கு நின்றார்கள்.

இப்போது சொல்கிறேன். இதைச் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று எனக்கு.

ஏழாவது குழாயில் இருந்தது துர்காவின் ரத்தம் இல்லை. எதிர்வீட்டு அன்னக்கிளியின் ரத்தம். அவளுக்கும் துர்கா வயது. சிலம்பரசன் வந்தபோது அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இதான் துர்கா" என்றேன். கையெழுத்தும் அவள்தான் போட்டாள். நீதான் எழுத்தில் போட்டே தீருவேன் என்றாயே. ரிப்போர்ட் கெட்டதாக வந்தால் நோணாங்குப்பத்துக்காரர்கள் போய்விடுவார்கள். அது ஒன்றுதான் என் மண்டைக்குள் இருந்தது. துர்காவிடம், "உன்னுது வேணான்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் வந்தபோது, அப்பா ரத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றேன்.

அவர் "யாருது" என்று கேட்டபோது அன்னக்கிளி பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சட்டையை மாட்டிக்கொண்டு நோணாங்குப்பம் போய், "பொய் ரிப்போர்ட்டு குடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். அவர் அப்படித்தான். அதனால் கல்யாணம் முடியட்டும் என்று பொறுத்தேன். அவள் அந்த வீட்டில் விளக்கேற்றிய பிறகு என்னை வெட்டினாலும் சரி என்று நினைத்தேன். மறுவீடு முடிந்த கையோடு சொல்வதாக இருந்தேன், கலா. செவ்வாய் மதியம் சொல்வதாக இருந்தேன்.

துர்கா அவர் பெண்தான். நான் வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. உனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது. உன்மேல் குற்றமில்லை. எல்லாம் என்னால்தான்.

சுலோசனா

*

லியோன்
15 மார்ச் 2024

அண்ணி,

சுகம் கேட்க எனக்கு முகமில்லை.

உங்கள் கடைசி மூன்று வரியைப் பல முறை படித்தேன். அதை அப்படியே வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முடியவில்லை.

எனக்குத் தெரியும்.

ஒரு தாய்க்கு இரண்டு தகப்பனிடம் பிள்ளைகள் பிறந்தாலும் அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் தாயின் பங்கு பொதுவாக இருக்கும். ஏழாவது குழாய்க்கும் அபிக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை. அது அண்ணனுக்குப் பிறந்த பிள்ளை இல்லை, உங்களுக்குப் பிறந்ததும் இல்லை. யாரோ ஒரு அந்நியப் பெண். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஜூலையிலேயே தெரியும். அதனால்தான் சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டேன். நீங்கள் கல்யாணத்துக்கு வராதே என்று எழுதினீர்கள்.

அன்று உட்கார்ந்து அண்ணனுக்கு எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருக்கும்படி பார்த்துப் பார்த்துக் கோத்தேன். நீங்கள் பயந்துபோய் உண்மையைச் சொல்வீர்கள், கல்யாணம் நிற்கும், நீங்கள் ஊர் முன்னால் தலைகுனிவீர்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீங்கள் வாயையே திறக்கமாட்டீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நவம்பரில் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று எழுதினீர்கள். அந்த மாத்திரை நின்றால் ஸ்டென்ட் எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளும். உலகத்தில் மற்றவர்களைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும். நாலு முறை எழுத உட்கார்ந்தேன். முதலில் நீங்கள் சொல்லட்டும் என்று மூடி வைத்தேன்.

துர்காவை உடனே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவளுக்கு அது இருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் காட்டினாலும் என் வேலை போகும். காட்டுங்கள்.

சந்திரகலா

*

பிள்ளைச்சாவடி
12 ஜூன் 2024

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

துர்காவுக்குப் பார்த்தோம். கெட்ட கொழுப்பு இருநூற்று எண்பத்தாறு. அவர் உயிரோடு இருந்து அந்தச் சீட்டைப் பார்த்திருந்தால் குதித்திருப்பார். என் ரத்தம், என் ரத்தம் என்று கரையெல்லாம் சொல்லியிருப்பார். நான் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் அழுதேன். பிள்ளைக்கு வியாதி என்று அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

நடந்ததை எல்லாம் துர்காவிடமும் மாப்பிள்ளையிடமும் சேர்த்தே சொன்னேன். "இதுக்கா அத்த?" என்றான் வெற்றிச்செல்வன். "எங்க அப்பாவுக்கு சுகரு, எனக்கே பிரஷரு இருக்குது. மாத்திர போட்டா தீந்துச்சி. எங்கம்மா நாலு பேரு கேக்கறாங்களேன்னு கேட்டாங்க. இருக்குதுன்னு சொல்லியிருந்தா உட்டுருப்போமா?" செல்வாம்பாளும் அதையேதான் சொன்னாள்.

மாப்பிள்ளை வண்டி எடுக்கப் போனபோது துர்கா சொன்னாள், "மேடையில உக்காந்துக்கிட்டு அப்பா வருவாரு வருவாருன்னு வாசலயே பாத்துட்டு இருந்தம்மா. நீ எம் பக்கத்துலதான நின்ன." அதற்கப்புறம் நம் வீட்டுக்கு அவள் வரவில்லை.

துர்காவின் சீட்டை எடுத்துக்கொண்டு பங்காளி வீடுகளுக்குப் போனேன். யாரும் நம்பவில்லை. கன்னியப்பன், "செத்தவன் வந்து சீட்டப் படிக்கப் போறானா? ஊர்ல யாருக்குத்தான் கொழுப்பு இல்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். என்னைப் பார்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். அங்கன்வாடியில் பிள்ளையை விட வருகிறவர்கள்கூட வாசலோடு விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அப்போதுதான் உன் கடிதத்தைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. உன் கையெழுத்து கன்னியப்பனுக்குத் தெரியும். அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றும். முதலில் துர்காவிடம் காட்டினேன். நோணாங்குப்பம் கடையில், எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் நின்றே படித்தாள். இரண்டு தரம் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள்.

"இத யாருக்கும் காட்டாத. காட்டுனா அத்தைக்கு வேல போயிடும். வேல போனா அபிக்கு ஊசி யாரு தருவா?"

"அப்ப எம் பேரும்மா?" என்றேன்.

"உம் பேருதான போவுது, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஏப்ரலில் போட்ட இரண்டாவது ஊசிக்குப் பிறகு அபிக்கு நூற்று நாற்பதுக்கு வந்திருக்கிறது. அடுத்தது அக்டோபரில். அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒன்று, அவள் இருக்கும் வரைக்கும் என்று டாக்டர் சொல்கிறார். அதனால் உன் கடிதத்தை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். துர்காவுக்கும் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார். அவளே உனக்கு எழுத மாட்டாள். அவளிடமிருந்து உன் ஆராய்ச்சிக்கு ரத்தம் வேண்டுமென்றால் சொல், கேட்டுப்பார்க்கிறேன்.

இனி மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். நீயும் எழுது. அங்கே இப்போது வெயிலா, குளிரா? வேளைக்குச் சாப்பிடு. நெஞ்சில் சின்ன வலி வந்தாலும் அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டு. நீ நல்லபடியாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

என்றும் அன்புள்ள அண்ணி,
சுலோசனா